பள்ளி டப்பாவுக்கு ஃப்ளாப்ஜாக்கும் தானியப் பாரும்: ஈரக்காற்று ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தின் களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் வட்டாரத்தில் ஓட்ஸ் பார் செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். செய்த அன்று மாலை மொறுமொறுப்பாக இருந்தது, மறுநாள் காலையில் பிள்ளையின் டப்பாவில் எடுத்து வைக்கும்போது விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்பார்கள். எடுத்த பொருள்களிலோ அளவிலோ தவறு இருப்பதில்லை. குளிர்நாட்டில், கணப்பு மூட்டிய வறண்ட அறைகளில் இருந்துகொண்டு எழுதப்பட்ட குறிப்புகள், பள்ளி திறக்கும் ஜூனில் தென்மேற்குப் பருவமழையையும் அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழையையும் வாங்கிக்கொள்ளும் குமரி மேற்கின் காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சீனி, வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகிய அனைத்துமே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. ஆகையால் இந்தப் பண்டங்களை இங்கே செய்ய வேண்டுமானால் பொருள்களை வறுப்பதிலும், பாகின் பதத்திலும், ஆறிய பிறகு மூடி வைப்பதிலும் வழக்கத்தைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். அந்த மூன்றும் கைவந்துவிட்டால் மற்றவற்றை அவரவர் வீட்டு வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டும் ஒன்றல்ல

ஃப்ளாப்ஜாக் என்பது பிரிட்டனில் வீடுதோறும் செய்யப்படும் ஓட்ஸ் பண்டம். ஓட்ஸ், வெண்ணெய், பழுப்புச் சீனி, கோல்டன் சிரப் எனப்படும் பொன்னிறப் பாகு ஆகிய நான்கையும் கலந்து, தட்டில் அழுத்தி, ஓவனில் சுட்டு, ஆறியபின் துண்டு போடுவார்கள். அதைப் பிடித்து நிறுத்துவதில் பாகுக்கு இருக்கும் பங்கு வெண்ணெய்க்கும் உண்டு. தானியப் பார் அப்படியல்ல. அதில் கொழுப்பு மிகக் குறைவு, பிடிமானம் முழுவதும் பாகிலிருந்தே வருகிறது, சுட வேண்டியதும் இல்லை. கடலை மிட்டாயும் பொரியுருண்டையும் செய்யத் தெரிந்த வீட்டில் தானியப் பாருக்குப் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை.

பொன்னிறப் பாகு 1880களில் லண்டனில் லைல் நிறுவனத்தின் சீனி ஆலையில் உருவானது. சீனிக் கரைசலில் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று பிரிந்துவிடுவதால் அது எளிதில் படிகமாக உறையாது, பண்டத்துக்கு மெல்லும் தன்மையையும் கொடுக்கும். பெரும்பாலும் பெரிய நகரக் கடைகளில் கிடைக்கும் அந்த டப்பாவுக்காக நாம் அலைய வேண்டியதில்லை, ஏனெனில் தேன் இயற்கையிலேயே பெரும்பாலும் அந்த இரு சர்க்கரைகளால் ஆனது. பழுப்புச் சீனியின் நிறத்தையும் ஆழ்ந்த மணத்தையும் கருப்பட்டி அதைவிடச் சிறப்பாகவே தருகிறது. தேனும் கருப்பட்டியும் சேர்ந்த ஃப்ளாப்ஜாக், பொன்னிறப் பாகில் செய்ததைக் காட்டிலும் சுவையில் ஒரு படி மேலானது என்பது என் கருத்து.

பொருள்களைத் தேர்தல்

ஓட்ஸில் முழு இதழாக இருப்பதும், விரைவில் வேகும்படி நொறுக்கி மெல்லியதாகத் தட்டியதும் என இரு வகை கடைகளில் கிடைக்கின்றன. முழு இதழ் மட்டும் போட்டால் துண்டு உதிரும், மெல்லியது மட்டும் போட்டால் களிபோல அடைந்துவிடும். இரண்டையும் பாதிக்குப் பாதி எடுப்பது நல்லது. ஒரே வகைதான் வீட்டில் இருக்கிறது, அதுவும் முழு இதழ் என்றால், பாதியை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று சுற்றி எடுத்துக்கொள்ளலாம். உப்பும் மசாலாவும் கலந்த பாக்கெட் ஓட்ஸ் இதற்கு உதவாது.

கருப்பட்டியை நேராகப் பொடித்துப் போடக் கூடாது. பதநீர் புளித்துவிடாமல் இருக்கக் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள், அதன் படிவும் மண்ணும் தூசியும் கட்டியில் சிறிதாவது இருக்கும். கரைத்து வடிகட்டினால் பாத்திரத்தின் அடியில் தங்கும் சாம்பல் நிற வண்டலைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிள்ளைகள் ஒரு முறை பல்லில் மணல் நெறிபட்டால் அந்தப் பண்டத்தை மறுபடி தொடுவதில்லை.

தேனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வருவது. ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும் தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட காலத்தில், பூவில் அல்லாமல் இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் ஊறும் இனிப்பு நீரைத் தேனீக்கள் எடுக்கின்றன. ஈரக்காற்றுள்ள நிலத்தில், அடுக்குத் தேனீப் பெட்டியிலிருந்து அவசரமாக எடுத்த தேன் நீர்த்து இருப்பது இயல்பு. பொதுவாகத் தேனில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுத் தரச் சட்டத்தின் வரம்பு. கரண்டியில் எடுத்து ஊற்றும்போது தண்ணீர்போலச் சட்டென்று ஓடும் தேனாக இருந்தால், அதில் கூடுதலாக இருக்கும் ஈரத்தைப் பாகிலேயே வற்ற வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஈரம் மறுநாள் பாரை இளக்கிவிடும். ரப்பர்த் தேன் சில மாதங்களில் கட்டியாக உறைவதும் உண்டு. அது கலப்படத்தின் அடையாளமல்ல, வெந்நீரில் புட்டியை வைத்தால் இளகிவிடும்.

கொழுப்புக்கு உப்பில்லாத வெண்ணெய் சிறந்தது. கடையில் ரொட்டிக்குத் தடவ விற்கும் வெண்ணெயில் உப்பு உண்டு என்பதால் அதைப் பயன்படுத்தினால் தனியாக உப்புச் சேர்க்க வேண்டாம். நெய் எடுத்தால் 125 கிராம் வெண்ணெய்க்கு 100 கிராம் போதும், ஏனெனில் வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர். தேங்காய் எண்ணெய் நம் பக்கத்து நாக்குக்கு உகந்ததுதான், ஆனால் அது 24 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடுவது, அதனால் அதை மட்டும் சேர்த்துச் செய்த ஃப்ளாப்ஜாக் பகல் பதினொரு மணிக்குள் டப்பாவின் அடியில் எண்ணெய் கசிய விட்டிருக்கும். மணத்துக்காக இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, மீதியை வெண்ணெயாகவோ நெய்யாகவோ வைத்துக்கொள்வதே உசிதம்.

அண்டிப்பருப்பு, அதாவது முந்திரிப்பருப்பு, குமரியில் தொழிற்சாலைப் பக்கத்துக் கடைகளில் உடைந்ததாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். துண்டு போடும் பண்டத்துக்கு முழுப் பருப்பைவிட உடைந்ததே நல்லது, முழுப் பருப்பு இருக்கும் இடத்தில் கத்தி வழுக்கிக் கீற்று பிளந்துவிடும்.

ஃப்ளாப்ஜாக்: செய்முறை

20 செ.மீ. சதுரத் தட்டு ஒன்றுக்கான அளவு இது: ஓட்ஸ் 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், கருப்பட்டி 100 கிராம், தேன் 75 கிராம், அதாவது மூன்றரை மேசைக்கரண்டி, உடைத்த அண்டிப்பருப்பு 50 கிராம், சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, ஒரே ஒரு கிராம்பு பொடித்தது, உப்பு கால் தேக்கரண்டி. கிராம்பைக் கூட்ட வேண்டாம். குமரி மலையான மாறாமலையில் விளையும் கிராம்பு காரம் மிகுந்தது, ஒன்றே தட்டு முழுவதற்கும் போதும்.

முதலில் தட்டின் உள்ளே பட்டர் பேப்பரை இருபுறமும் நான்கு விரல் வெளியே நீண்டிருக்குமாறு விரியுங்கள். ஆறியபின் அந்த நீட்சியைப் பிடித்துத்தான் முழுக் கட்டியையும் தூக்க வேண்டும். ஓவனை 160 டிகிரியில் சூடாக்க வையுங்கள், விசிறி உள்ள மைக்ரோவேவ் ஓவனாக இருந்தால் 150 போதும்.

ஓட்ஸை அடி கனத்த சட்டியில் இளந்தீயில் ஐந்து நிமிடம் வறுங்கள். பிரிட்டன் குறிப்புகளில் இந்தப் படி இருக்காது, ஆனால் நம் ஊரில் இதைத் தவிர்க்கக் கூடாது. பாக்கெட்டைத் திறந்த நாளிலிருந்தே ஓட்ஸ் ஈரம் வாங்கத் தொடங்கிவிடுகிறது. நிறம் மாறத் தேவையில்லை, கையில் எடுத்தால் சலசலவென்று உலர்ந்த ஒலியும் வறுகடலைபோன்ற மணமும் வந்தால் போதும். அதே சட்டியில் அண்டிப்பருப்பையும் இளஞ்சிவப்பாக வறுத்துச் சேர்த்துவிடுங்கள்.

கருப்பட்டியைத் தட்டி, மூன்று மேசைக்கரண்டி நீர் விட்டுச் சூடாக்கி, கரைந்ததும் மெல்லிய துணியிலோ நுண்ணிய வடிகட்டியிலோ வடித்து, மறுபடி அடுப்பில் வையுங்கள். நாம் சேர்த்த நீர் முழுவதும் வற்ற வேண்டும் என்பதுதான் இங்கே குறி. இரு விரலுக்கிடையே தொட்டுப் பிரித்தால் ஒரு கம்பி இழுபடும் பதம் வந்ததும் தீயைக் குறைத்து, வெண்ணெயைத் துண்டுகளாகப் போட்டு, விடாமல் கலக்குங்கள். சில நொடிகள் வெண்ணெய் தனியாகவும் பாகு தனியாகவும் நிற்பதுபோலத் தோன்றும். பதற வேண்டாம், தேனை ஊற்றி வேகமாகக் கலக்கினால் இரண்டும் சேர்ந்து பளபளப்பான ஒரே குழம்பாகிவிடும். தேன் நீர்த்ததாக இருந்தால் இந்த நிலையில் ஒரு நிமிடம் கூடுதலாகக் கொதிக்க விடுங்கள். இறக்கி உப்பு, சுக்கு, கிராம்பு சேர்த்து, வறுத்த ஓட்ஸின்மேல் ஊற்றி, உலர்ந்த இதழ் ஒன்றுகூட மிச்சமில்லாதபடி மரக்கரண்டியால் புரட்டுங்கள்.

தட்டில் கொட்டி அழுத்துவதில்தான் பலர் கைசுருங்குகிறார்கள். கரண்டியால் மேலே தடவிவிட்டால் போதாது. அடி தட்டையான டம்ளரின் அடியில் நெய் தடவி, நான்கு மூலைகளிலிருந்து நடுவை நோக்கி, உள்ளங்கையின் முழுப் பலத்தோடு அழுத்த வேண்டும். சரியாக அழுத்திய கட்டியின் மேற்பரப்பு சமமாக, சிறிய குழிகூட இல்லாமல், எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும்.

ஓவனில் 22 முதல் 28 நிமிடம் ஆகும். குறிப்புகள் எல்லாம் பொன்னிறம் வரும் வரை என்று எழுதியிருக்கும், ஆனால் கருப்பட்டிக் கலவை உள்ளே போகும்போதே அடர்ந்த பழுப்பு என்பதால் நிறத்தை நம்பினால் ஏமாற்றம்தான். ஓரங்களைப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் எங்கும் சிறு குமிழிகள் தெரியும், பிறகு ஓரத்துக் குமிழிகள் அடங்கி, அங்கே கட்டி பேப்பரைவிட்டு இலேசாக விலகத் தொடங்கும். அதே நேரம் நடுப்பகுதியை விரலால் தொட்டால் இன்னும் அமுங்கும். எடுக்க வேண்டிய நேரம் அதுவே. நடுவும் இறுகட்டும் என்று காத்திருந்தால், ஆறிய பிறகு அது பல்லை உடைக்கும் பலகையாகிவிடும். ஃப்ளாப்ஜாக் இறுகுவது ஓவனுக்கு வெளியே, ஆறும்போதுதான்.

வெளியே எடுத்த பத்தாவது நிமிடத்தில் மறுபடி ஒரு முறை டம்ளரால் அழுத்தி, கத்தியால் நான்குக்கு நான்கு என்று பதினாறு துண்டுக்கான கோடுகளை ஆழமாகப் போட்டுவிடுங்கள். பிரிக்க வேண்டாம். முழுவதும் ஆற இரண்டு மணி நேரமாவது ஆகும், அதன்பின் பேப்பரோடு தூக்கி, போட்ட கோட்டின் வழியே கத்தியை நேராகக் கீழே அழுத்தி வெட்டுங்கள், அறுக்காதீர்கள்.

ஓவன் இல்லாத வீட்டில்

ஐந்து லிட்டர் கனத்த அலுமினியக் குக்கர் போதும். மூடியின் வெயிட்டையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட வேண்டும், உள்ளே ஒரு சொட்டு நீரும் இருக்கக் கூடாது. ஒரு குவளைக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கியை வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். 18 செ.மீ. வட்டத் தட்டில், மேலே சொன்ன அளவில் மூன்றில் இரண்டு பங்கை அழுத்தி உள்ளே இறக்கி, தீயைச் சிம்மில் வைத்து 30 முதல் 35 நிமிடம் விடுங்கள். மேற்புறம் சிவக்காது, அது குறையல்ல, ஓரம் விலகும் அடையாளம் இங்கும் பொருந்தும். மெல்லிய எவர்சில்வர் குக்கரில் அடி கருகும், அதைத் தவிர்த்துவிடலாம். அந்த உப்பை ஆறவைத்து எடுத்து வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும்.

தானியப் பார்: பாகுதான் எல்லாம்

கெட்டி அவல் 100 கிராம், பொரி 40 கிராம், நிலக்கடலை 75 கிராம், பொரிகடலை 50 கிராம், எள் 25 கிராம். பாகுக்கு வெல்லம் 130 கிராம், தேன் 70 கிராம், நெய் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. உலர்ந்த பொருள் மூன்று பங்குக்கு இனிப்பு இரண்டு பங்கு என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், கையிலிருக்கும் தானியத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கேழ்வரகு, சோளம், கம்பு எதுவானாலும் அவலாகவோ பொரியாகவோ இருக்க வேண்டும், மாவாக இருக்கக் கூடாது.

அவலைக் கைப்பிடி கைப்பிடியாக வறுங்கள். விரலில் வைத்து ஒடித்தால் வளையாமல் பட்டென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நிலக்கடலையைத் தோல் நீக்கி இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். எள்ளைக் கடைசியில், அது வெடிக்கத் தொடங்கும் வரை மட்டும். எல்லாவற்றையும் ஒரே உருளியில் சேர்த்து, அணைத்த அடுப்பின் மேலேயே வைத்திருங்கள். ஆறிப்போன அவலின்மேல் சூடான பாகை ஊற்றினால், கலக்கும் முன்பே பாகு ஆங்காங்கே கட்டிப்பட்டுவிடும். பாதிப் பார் இனிப்பும் பாதிப் பார் சப்பும் ஆவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வெல்லத்தைக் கால் குவளை நீரில் கரைத்து வடித்து, எலுமிச்சைச் சாறு விட்டுக் கொதிக்க வையுங்கள். கொதி வந்தபின் கரண்டி போட்டுக் கிளறக் கூடாது. இதைப் புரிந்துகொள்ள ஓணத்துக்குச் செய்யும் சர்க்கரை வரட்டியை நினைத்தால் போதும். அங்கே ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய்த் துண்டுகளைப் பாகில் போட்டு, பாகு பூத்துப் பொடியாகத் துண்டின்மேல் படியும் வரை, கை ஓயாமல் கிளறுகிறோம், ஏனெனில் அங்கே பாகு படிகமாவதே நமக்கு வேண்டியது. பாரில் வேண்டியது அதற்கு நேர்மாறு. பாகு கண்ணாடிபோலத் தெளிந்து இறுக வேண்டும், மணல்போலப் பூத்துவிட்டால் பார் ஒட்டாது, உதிரும். எலுமிச்சையும் தேனும் சேர்ப்பது அந்தப் படிகத்தைத் தடுக்கத்தான். பாத்திரத்தின் ஓரத்தில் தெறித்துக் காய்ந்திருக்கும் வெல்லத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுவதும் அதற்காகவே.

ஒரு கிண்ணத்தில் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாகைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். முதலில் சொட்டு நீரில் கரைந்து பரவும். பிறகு அடியில் திரளும், ஆனால் விரலால் எடுத்தால் வழியும். அதையடுத்து, எடுத்தால் மிருதுவான உருண்டையாக வந்து, கையில் வைத்ததும் மெல்லத் தட்டையாகும், அது 115 டிகிரி செல்சியஸ் அளவு. மாசி, பங்குனி போன்ற உலர்ந்த மாதங்களில் மெல்லக்கூடிய பாருக்கு அதுவே போதும். ஜூன் முதல் நவம்பர் வரை இன்னும் சற்று மேலே செல்ல வேண்டும். உருண்டை கையில் வைத்தாலும் வடிவு மாறாமல், நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்து, விரலில் ஒட்டாமல் இருக்கும் நிலை அது, வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 120 முதல் 124 டிகிரி வரை. உருண்டையைத் தட்டில் போட்டால் ணங்கென்று ஒலித்தால் கடலை மிட்டாய்ப் பதத்துக்குப் போய்விட்டது என்று பொருள். பால்பற்கள் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது ஆகாது. அப்போது இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு மறுபடி பதம் பார்க்கலாம்.

மிருதுவான உருண்டை வந்த நிலையில் தேனைச் சேருங்கள். உடனே பாகு இளகும், மீண்டும் வேண்டிய பதம் வர ஓரிரு நிமிடம் ஆகும். நெய்யும் உப்பும் சேர்த்து உருளியில் கொட்டி, நெய் தடவிய கரண்டியால் விரைந்து புரட்டி, பேப்பர் விரித்த தட்டுக்கு மாற்றி, மேலே இன்னொரு பேப்பரை வைத்து, சப்பாத்திக் கட்டையால் உருட்டி அழுத்துங்கள். இதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, எனவே தட்டு, பேப்பர், கட்டை எல்லாம் முன்பே தயாராக இருக்கட்டும். கால் மணி நேரத்தில், கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே, முழுவதுமாக வெட்டிவிடுங்கள். ஃப்ளாப்ஜாக்கை ஆறிய பிறகும் இதைச் சூட்டிலும் வெட்ட வேண்டும் என்ற வேறுபாட்டை மறந்தால், பார் கத்திபட்ட இடமெல்லாம் சில்லுச் சில்லாகச் சிதறும்.

அடைமழை நாளில், வெட்டிய துண்டுகளை இடைவெளிவிட்டு அடுக்கி, 120 டிகிரி ஓவனில் கால் மணி நேரம் வைத்து எடுத்தால் மிச்ச ஈரமும் போய்விடும்.

ஊர் கைப்பக்குவங்கள் சில

பலாப்பழத்தை வெல்லத்தோடு கிண்டிய சக்கை வரட்டி வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல பிடிமானப் பொருள் வேறில்லை. ஃப்ளாப்ஜாக்கில் கருப்பட்டியைப் பாதியாகக் குறைத்து, 80 கிராம் சக்கை வரட்டியை வெண்ணெய்ப் பாகில் கரைத்துச் சேர்த்தால் துண்டு மென்மையாக, நார் இல்லாமல், பழமணத்தோடு வரும். முந்திரிக்கொத்தின் சுவை பிடித்த பிள்ளைகளுக்கு, ஓட்ஸில் 50 கிராமைக் குறைத்து, சிவக்க வறுத்து ரவைபோல உடைத்த சிறுபயற்றையும் ஏலக்காயையும் சேர்க்கலாம். ஏத்தன் பழத்தை மசித்துச் சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பழத்தின் ஈரத்தில் ஃப்ளாப்ஜாக் கேக்காகிவிடுகிறது, இரண்டாம் நாளே புளிப்பு மணம் எடுக்கிறது. மெல்லியதாக அரிந்து வெயிலில் சருகாகக் காய வைத்த ஏத்தன் வற்றலைப் பொடியாக நறுக்கிப் போட்டால் அந்தச் சிக்கல் இல்லை. தேங்காயும் அப்படித்தான்: பச்சைத் துருவல் கூடாது, கொப்பரையைச் சீவி வறுத்துப் போடலாம், அதுவும் ஒரு வாரத்துக்குள் தின்று தீர்க்கப் போகிறோம் என்றால் மட்டும், இல்லாவிட்டால் காறல் வாடை வந்துவிடும்.

எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கூடாது

கருப்பட்டியும் தேனும் போட்டிருப்பதால் இது சீனி இல்லாத பண்டம் என்று எண்ண வேண்டாம். பதினாறாக வெட்டிய ஃப்ளாப்ஜாக்கில் ஒரு துண்டு ஏறத்தாழ 170 கலோரி, அதில் இனிப்புச் சர்க்கரை 10 கிராம் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேனையும் இந்தக் கணக்கில் சேர்த்து, நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, முடிந்தால் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இத்தகைய சர்க்கரை இருக்க வேண்டும் என்கிறது. ஒரு நாளைக்கு 1,500 கலோரி தேவைப்படும் சிறு பிள்ளைக்கு அந்தக் கீழ்வரம்பு 19 கிராம் அளவே. ஆகவே ஒரு துண்டே போதும், அதையும் இருபதாக வெட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. மாலைத் தேநீரோடு பெரியவர்கள் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டுவதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும், சமைத்ததானாலும், கொடுக்கக் கூடாது. குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் சாதாரணச் சமையல் சூட்டில் அழிவதில்லை. நான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும், பொடித்துச் சேர்க்கலாம். நிலக்கடலை, முந்திரி, எள் ஆகியவற்றில் எதுவும் ஒவ்வாத பிள்ளைகள் வகுப்பில் இருக்கக்கூடும், டப்பாவைப் பகிர்ந்து உண்பது பிள்ளைகளின் வழக்கம் என்பதால் ஆசிரியரிடம் முன்பே கேட்டுவிடுவது பொறுப்பான செயல். அப்படியான வகுப்புக்குப் பூசணி விதையும் சூரியகாந்தி விதையும் போட்டுச் செய்யலாம்.

டப்பாவில் வைப்பதும் சேர்த்து வைப்பதும்

உள்ளங்கைச் சூடுகூட இல்லாமல் ஆறியபின்தான் மூட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் பட்டர் பேப்பரில் தனியே சுற்றி, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினால் ஃப்ளாப்ஜாக் ஒரு வாரமும், தானியப் பார் உலர்ந்த நாள்களில் பத்து நாளும், மழை நாள்களில் ஐந்து நாளும் தாங்கும். எறும்புக்கு அஞ்சித் தண்ணீர்த் தட்டின் நடுவே டப்பாவை வைக்கும் வழக்கத்தை இதற்குக் கைவிட்டுவிடுங்கள், மூடி சற்றுத் தளர்ந்தாலும் அந்த ஈரம் உள்ளே போகும். ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. குளிர்ந்த துண்டின்மேல் நம் காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும், மூடியபடியே அரை மணி நேரம் வைத்துப் பிறகு திறக்க வேண்டும். ஃப்ளாப்ஜாக்கை ஃப்ரீசரில் இரண்டு மாதம்வரை வைக்கலாம், இரவே எடுத்து மேசையில் வைத்தால் காலைக்குச் சரியாக இருக்கும்.

பள்ளிக்கு அனுப்பும்போது சூடான எலுமிச்சைச் சோறோ இட்லியோ இருக்கும் டப்பாவின் மறு தட்டில் இதை வைக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு மூடிய சோற்றின் ஆவி பத்து மணிக்குள் பாரைக் கூழாக்கிவிடும். தனியாக ஒரு சிறு டப்பாவும், தின்ற பின் வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் வேண்டும், ஏனெனில் ஒட்டும் இனிப்பு பல்லிடுக்கில் நெடுநேரம் தங்கும்.

கெட்டுப்போனால்

உதிர்ந்தால் பாகு இளம்பதத்தில் இருந்திருக்கும், அல்லது அழுத்தியது போதாது. எண்ணெய் கசிந்தால் வெண்ணெயும் பாகும் ஒன்றாகச் சேராமலே ஓட்ஸில் ஊற்றப்பட்டிருக்கும். கல்லாகிவிட்ட ஃப்ளாப்ஜாக்கை, மேலே ஈரத் துணி போட்டு, 120 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் வெட்டுமளவுக்கு இளகும். பிசுபிசுத்துப் போன தானியப் பாரைக் கால் மணி நேரம் அதே சூட்டில் உலர்த்திப் பார்க்கலாம், பெரும்பாலும் மீண்டுவிடும். பூத்து உதிர்ந்துவிட்ட பாருக்கு மட்டும் மீட்சி இல்லை. அதை முழுவதும் உதிர்த்து, இன்னொரு முறை வறுத்து, புட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, காலையில் பாலிலோ தயிரிலோ, அரிந்த மட்டி வாழைப்பழத்தோடு, பிள்ளைக்குக் கிண்ணத்தில் கொடுத்துவிடலாம்.